மால்டா: ஹைபோஜியத்துக்குச் சீட்டு இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்) – பிப்ரவரி 9

அனைவருக்கும் வணக்கம். மார்ச் 17 முதல் ஐந்து இரவுகள் மால்டாவில் தங்குவதற்கு விமானச் சீட்டும் அறையும் பதிவு செய்துவிட்டேன். உடன் வருபவர் என் அப்பா. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர்; இப்போது சில மாதங்களுக்கு என்னோடு ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். கடற்கரையிலோ கடைத்தெருவிலோ அவருக்கு நாட்டமில்லை. எகிப்தியப் பிரமிடுகளுக்கு முந்திய கற்கட்டடங்கள் அந்தத் தீவில் இன்னும் நிற்கின்றன என்று படித்த நாளிலிருந்து அதையே பேசிக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பாவ்லா நகரில் உள்ள ஹல் சஃப்லியெனி ஹைபோஜியத்துக்கு, அதாவது பாறையைக் குடைந்து உருவாக்கிய அந்த நிலத்தடிக் கல்லறைக்கு, நாங்கள் இருக்கும் ஐந்து நாள்களிலும் ஓர் இடம்கூட இல்லை என்று இணையத்தளம் காட்டுகிறது. அதைப் பார்க்க முடியாவிட்டால் போவதில் பொருளுண்டா, அல்லது பணம் நட்டமானாலும் பயணத்தை மே மாதத்துக்கு மாற்றிவிடலாமா? மேலும், மகிழுந்து வாடகைக்கு எடுக்காமல் பேருந்திலேயே எல்லா இடங்களையும் பார்த்துவிட முடியுமா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழங்கல் – பிப்ரவரி 9

தள்ளிப்போட வேண்டாம், நண்பரே. நான் மும்முறை அங்கே சென்றிருக்கிறேன். முதல் முறை ஹைபோஜியத்தைப் பார்க்காமலே திரும்பினேன். வருத்தம் இருந்தது என்பது உண்மை. ஆனால் பயணம் வீண் என்று ஒரு நொடியும் தோன்றவில்லை.

சீட்டு ஏன் இவ்வளவு அரிது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1902ஆம் ஆண்டு புதிய வீடுகளுக்கு நீர்த்தொட்டி வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் தற்செயலாக அதன் கூரையை உடைத்து உள்ளே இறங்கினார்கள். முதலில் மனுவேல் மாக்ரி என்ற பாதிரியார் அகழ்ந்தார். அவர் 1907இல் தூனிசியாவில் இறந்தபின் தெமி சம்மித் என்ற மால்டாத் தொல்லியலாளர் பணியைத் தொடர்ந்தார். மூன்று அடுக்குகளாகச் சுமார் பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும் அந்தக் குடைவில் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். சுவர்களில் செங்காவியால் தீட்டிய சுருள் கோலங்கள் உள்ளன. மனிதர்களின் மூச்சுக்காற்றும் உடற்சூடும் விளக்கொளியும் அந்தக் காவியைத் தின்றுவிடும் என்பதால் 1990களில் பல ஆண்டுகள் மூடிவைத்து, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளைச் செய்து, 2000இல் மீண்டும் திறந்தார்கள். அன்றிலிருந்து ஒரு மணிக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எண்பது பேர் என்பதே கணக்கு. நாள் முழுதும் எண்பது பேர் என்றால் எத்தனை வாரங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இருந்தாலும் ஒரு வழி உண்டு. மறுநாள் காட்சிகளுக்கான சில இடங்களை முந்தைய நாளில் நேரில் விற்பார்கள். நான் இரண்டாம் முறை சென்றபோது தலைநகர் வல்லெட்டாவின் புனித எல்மோ கோட்டையில் காலையில் கதவு திறக்குமுன்பே வரிசையில் நின்று வாங்கினேன். விலை கூடுதல்தான். புறப்படுமுன், எங்கே விற்கிறார்கள் என்பதை, இந்தத் தொல்லிடங்களைப் பராமரிக்கும் ஹெரிடேஜ் மால்டா நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்வாணன் – பிப்ரவரி 10

பேருந்தைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் லண்டனில் வசிப்பவன். மால்டாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், மின்செருகியும் இங்குள்ள அதே மூன்று தகட்டு வகைதான். எனவே வண்டி எடுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் நான் எடுக்கவில்லை. மொத்தம் 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு அது. எங்கிருந்தும் எங்கும் போய்விடலாம். ஆனால் பெரும்பாலான பேருந்துகள் வல்லெட்டாவின் வாசலில் உள்ள நிலையத்துக்கு வந்துதான் திரும்புகின்றன, மாலையில் நெரிசலும் மிகுதி. ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. முதல் நாள் நான் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் அரை நாள் பேருந்தில் ஏறிவிட்டேன். பெயர் வேண்டாம். ஹஜார் இம், இம்னைத்ரா ஆகிய பழங்கற்கட்டடங்கள் இரண்டுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் கொடுத்தார்கள்! அவற்றுக்கு இடையே நடக்கும் சரிவுப் பாதையே அரைக் கிலோமீட்டர். நான் இம்னைத்ராவின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். பேருந்து அடுத்து நின்ற கண்ணாடிப் பொருள் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பொதுப் பேருந்தில் தனியே சென்று பாதி நாளை அங்கேயே செலவழித்தேன்.

தேன்மொழி – பிப்ரவரி 10

ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. மால்டாவில் உள்ளவைதாம் "உலகிலேயே மிகப் பழைய கற்கட்டடங்கள்" என்று பயணக் கையேடுகள் இன்னும் அச்சிடுகின்றன. துருக்கியின் கோபெக்லி தெப்பே தூண்கள் பொ.ஆ.மு. 9500 அளவில் எழுந்தவை. மால்டாவின் கோசோத் தீவில் உள்ள ஜகன்டியாவோ பொ.ஆ.மு. 3600 அளவிலானது. இடையே ஆறாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. கடலோடியின் அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் இதைச் சொல்கிறேன். கையேட்டை நம்பி வந்து ஏமாற வேண்டாம்.

பழங்கல் – பிப்ரவரி 10

தேன்மொழி அம்மா சொல்வது சரியே. ஆனால் அந்தத் தற்பெருமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இந்தக் கட்டடக்கலை கிரேக்கத்திலிருந்தோ கிரீட்டிலிருந்தோ வந்தது என்றுதான் அறிஞர்கள் எண்ணினார்கள். மால்டாவின் தார்ஷின் கட்டடக் கற்களில் உள்ள சுருள் கோலம் பண்டைக் கிரேக்கத்தின் மைசீனியச் சுருளைப் போலிருக்கிறது, எனவே அதைப் பார்த்து இதைச் செய்திருப்பார்கள் என்பது வாதம். பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை வந்து, மர வளையங்களைக் கொண்டு அதன் கணக்கையும் திருத்தியபோது எல்லாம் தலைகீழானது. மால்டாவின் சுருள்கள் மைசீனியாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மூத்தவை என்று தெரிந்தது. குஃபுவின் பெரிய பிரமிடு எழுந்த பொ.ஆ.மு. 26ஆம் நூற்றாண்டில் ஜகன்டியாவுக்கு வயது ஏறத்தாழ ஆயிரம். கடன் வாங்கியவர்கள் என்று கருதப்பட்ட சிறு தீவினர், யாரிடமும் வாங்காமல் தாமே கண்டுபிடித்தவர்கள் என்று ஆனது. அந்தக் காலத்தில் கோபெக்லி தெப்பே மண்ணுக்குள் இருந்தது. "மிகப் பழையது" என்ற பட்டம் அப்போது ஒட்டியது. பலகையை மாற்ற யாருக்கு மனம் வரும்?

செந்தூரான் – பிப்ரவரி 11

இழைக்கு நன்றி. தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி இடறும் ஓர் இடத்தையும் குறித்துவைக்கிறேன். இவற்றைப் "பெருங்கற்காலக் கோயில்கள்" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் வழக்கில் பெருங்கற்காலம் என்றால் கல்வட்டமும் கல்திட்டையும் முதுமக்கள் தாழியும் இரும்பும் நினைவுக்கு வரும். மால்டாவில் இவற்றைக் கட்டியவர்களிடம் இரும்பும் இல்லை, செம்பும் இல்லை. அவர்கள் புதிய கற்காலத்தினர். வெட்டுக் கருவிக்கு வேண்டிய எரிமலைக் கண்ணாடியைக்கூட லிபாரி, பாந்தெலேரியா தீவுகளிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள். கல் பெரியது என்பதைத் தவிர நம்முடைய கல்திட்டைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"கோயில்" என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. விலங்கு எலும்புகளும் பலிமேடை போன்ற கற்களும் கிடைத்ததால் வழிபாட்டிடம் என்கிறார்கள். ஊர் கூடி உண்ட மன்றமாகவும் இருந்திருக்கலாமே?

பழங்கல் – பிப்ரவரி 11

இருந்திருக்கலாம். ஆனால் தார்ஷினில் ஒரு மேடைக்கல்லின் முகப்பில் சிறு பொந்து வெட்டி, அதைக் கல்லாலேயே அடைத்து வைத்திருந்தார்கள். திறந்தபோது உள்ளே சக்கிமுக்கிக் கத்தியும் ஆட்டுக் கொம்பும் இருந்தன. விருந்துக்குப் பின் கத்தியைக் கல்லுக்குள் ஒளித்துவைப்பவர்கள் யார்? நான் கோயில் என்றே சொல்லிக்கொள்கிறேன். அங்கிருந்த பேருருவச் சிலையின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது: மடிப்புப் பாவாடை, தடித்த கெண்டைக்கால்கள், சிறிய பாதங்கள். அது தாய்த்தெய்வம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இந்த வகைச் சிலைகள் பலவற்றில் ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளமே இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியபின் அந்த உறுதி தளர்ந்துவிட்டது.

நிலாமுற்றம் – பிப்ரவரி 12

நான் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எனக்கு ஹஜார் இம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. படங்களில் நீல வானத்தின் கீழே தேன் நிறக் கற்கள் கடலைப் பார்த்து நிற்கும். நேரில் போனால் மேலே சர்க்கஸ் கூடாரம் போல வெள்ளைத் துணிக் கூரை. எத்தனை கோணத்தில் நின்றாலும் படத்தில் ஓர் இரும்புக் கம்பம் விழுகிறது. கூடாரமில்லாத ஜகன்டியாதான் என் மனத்தில் நிற்கிறது. அதன் சுற்றுச்சுவர் இன்னும் ஆறு மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கிறது. அரக்கி ஒருத்தி கைக்குழந்தையோடு கல் சுமந்து கட்டினாள் என்று கோசோத் தீவினர் கதை சொன்னதில் வியப்பில்லை.

பழங்கல் – பிப்ரவரி 12

கூரையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹஜார் இம் முழுவதும் குளோபிஜெரினா என்னும் மென்மையான சுண்ணாம்புக் கல்லால் ஆனது. கத்திபட்டால் வழிவிடும் கல் என்பதால்தான் உலோகமில்லாமலே அவ்வளவு நேர்த்தியாக இழைக்க முடிந்தது. அதே மென்மையால்தான் கடற்காற்றின் உப்பும் மழையும் அதைச் செதில் செதிலாக உரித்தன. மண்ணுக்குள் கிடந்தவரை பாதுகாப்பாக இருந்தது. 1839இல் தோண்டி வெளிக்கொணர்ந்த பிறகு தேய்மானம் விரைந்தது. 2009இல் கூரை போட்டார்கள். ஜகன்டியாவின் புறச்சுவர் பவளச் சுண்ணாம்புக்கல். கரடுமுரடானது, கடினமானது, அதனால் வெட்டவெளியைத் தாங்குகிறது. நீங்கள் விரும்பிய அழகும் வெறுத்த கூடாரமும் அந்தந்தக் கல்லின் குணத்திலிருந்து வந்தவை.

தேன்மொழி – பிப்ரவரி 13

மார்ச் 20 அளவில் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லையா? பகலும் இரவும் சமமாகும் அந்த நாளில், இம்னைத்ராவின் தென்கோயிலில் உதயசூரியனின் ஒளி வாசல் வழியே நேராகப் புகுந்து நடு அச்சில் விழும். கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் திசை திரும்பும் நாள்களில், அதே ஒளி வாசலுக்கு இருபுறமும் உள்ள கற்களின் விளிம்பைத் தொடும். அன்று விடியற்காலையில் குறைந்த எண்ணிக்கையில் ஆட்களை உள்ளே அனுமதிக்கும் நிகழ்ச்சியை ஹெரிடேஜ் மால்டா நடத்துகிறது. உடனே பதிவு செய்ய முயன்று பாருங்கள்.

கடலோடி – பிப்ரவரி 13

தேன்மொழி அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு இடங்கள் கிடைத்துவிட்டன! அப்பா அடுக்களையில் நின்றுகொண்டே தாளில் சூரியன் வரும் கோணத்தை வரைந்துகொண்டிருக்கிறார். கோசோவுக்கு ஒரு நாள் போதுமா? கற்களைத் தவிர, அப்பா சலிக்காமல் பார்க்கக்கூடியவை எவை?

யாழ்வாணன் – பிப்ரவரி 14

கோசோவுக்கு ஒரு நாள் போதும். சிர்க்கெவ்வா துறையிலிருந்து கப்பல் அரை மணிக்குள் கொண்டுபோய்விடும். போகும்போது சீட்டு கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். நாங்கள் தெரியாமல் பயணச்சீட்டுக் கூண்டைத் தேடிப் பத்து நிமிடம் அலைந்தோம். ஜகன்டியாவுக்கு எடுக்கும் சீட்டிலேயே அதே ஷாரா ஊரில் உள்ள 1725ஆம் ஆண்டுக் காற்றாலையையும் பார்க்கலாம். "நீலச் சாளரம்" என்ற கடல் வளைவைப் பார்க்கலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

வல்லெட்டாவில் புனித யோவான் இணைப் பேராலயத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த, யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் அங்கே இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். அந்தக் கையெழுத்தும் தரையில் வழியும் இரத்தத்தில் இருக்கிறது. மரக்கறி உண்பவர்களுக்குப் பட்டாணி வைத்த பஸ்திசிப் பலகாரம் எங்கும் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே உண்ண வேண்டும். ஆறினால் வெறும் எண்ணெய்ப் பொட்டலம்.

செந்தூரான் – பிப்ரவரி 14

அப்பாவுக்கு ஆர் தலாம் குகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியூழியின்போது அங்கு வாழ்ந்த குள்ள யானைகள், நீர்யானைகளின் எலும்புகள் மண்ணடுக்குகளோடு கிடைத்த இடம் அது. மெல்லியா பகுதியின் லத்னிய்யா குகையில் 8,500 ஆண்டுகளுக்கு முந்திய வேட்டைக்காரர்களின் அடுப்புச் சாம்பல் கிடைத்ததாக 2025இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உழவர்கள்தாம் முதலில் வந்தார்கள் என்ற பழைய எண்ணத்தை அது மாற்றி, மனிதர் வந்த காலத்தை ஆயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டது. பாய்மரம் இல்லாத காலத்தில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

கடலோடி – மார்ச் 26

திரும்பி வந்துவிட்டோம். கடன்பட்டவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் வல்லெட்டாவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். ஹைபோஜியத்தில் கிடைத்த "உறங்கும் பெண்" சிலை ஒரு தனி அறையில், இருட்டில், ஒரே விளக்கின் கீழே இருக்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் நீளம், உள்ளங்கையில் அடங்கிவிடும். பக்கவாட்டில் படுத்து, ஒரு கையைத் தலைக்கு அணையாக வைத்திருக்கிறாள். கட்டிலின் அடிப்பக்கத்தில் நாணல் பரப்பியது போன்ற கோடுகளைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதை அப்பா குனிந்து பார்த்துச் சொன்ன பிறகே நான் கவனித்தேன்.

மார்ச் 20 விடியலில் வாடகை வண்டியில் இம்னைத்ராவுக்குச் சென்றோம். குளிர்காற்று அடித்தது. இருபது பேரளவில் கூடி நின்றோம். கிழக்கே மேகம் திரண்டு நின்றது. குறித்த நேரம் வந்தது, போயிற்று, ஒளி வரவில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. வழிகாட்டிப் பெண் மட்டும் மன்னிப்புக் கேட்பவர்போல் கைகளை விரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவோ அதற்குள் நடுக்கோயிலின் பக்கம் நகர்ந்துவிட்டார். அங்கே நிமிர்ந்து நிற்கும் ஒரு கல்லில், வாசலும் மேலே அடுக்கிய கல் வரிசைகளுமாக, ஒரு கோயிலின் முகப்பைச் சிறியதாகச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டியவர்களே தங்கள் கட்டடத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்! ஒளி வராத அரை மணி நேரத்தையும் நாங்கள் அந்தக் கல்லின் முன்னேதான் கழித்தோம். தென்கோயிலில் ஒரே பலகைக் கல்லில் சதுர வாசல் வெட்டி, அதைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குழித்த வேலைப்பாடும் உண்டு. பிறகு சாய்வாக வந்த காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழுந்தது.

பழங்கல் ஐயா சொன்னபடி மறுநாள் அதிகாலையில் கோட்டை வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் நால்வர் இருந்தார்கள். இரண்டு சீட்டு கிடைத்தது. எங்கள் கடைசி நாளில் ஹைபோஜியத்துக்குள் இறங்கினோம். பைகளையும் கைபேசியையும் மேலே வைத்துவிட வேண்டும். உள்ளே விளக்குகள் நாம் நிற்கும் இடத்தில் மட்டும் எரிந்து பின்பு அணைந்துவிடுகின்றன. நடு அடுக்கில் "புனிதங்களின் புனிதம்" என்று பெயரிட்ட முகப்பைப் பார்த்தவுடன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே நிலத்தில் கல் அடுக்கிக் கட்டியதை அப்படியே பாறையில் குடைந்திருக்கிறார்கள்: நிலைக்கற்கள், உத்தரம், அதற்கு மேல் வரிசை வரிசையாக உள்நோக்கி நீளும் கூரை. எந்தக் கோயிலிலும் மிஞ்சாத கூரை இங்கே மட்டும் இருக்கிறது. நாம் இரண்டு நாள்களுக்கு முன்பு இம்னைத்ராவின் கல்லில் பார்த்த சிறு படமும் இதுவும் ஒத்துப்போகின்றன என்று அவர் சொன்னார். ஹைபோஜியத்தை முதலில் பார்த்திருந்தால் இது எங்களுக்குப் புலப்பட்டிருக்காது. எனவே வரிசையாகப் பார்ப்பவர்கள் அதைக் கடைசியில் வையுங்கள் என்பதே என் கருத்து.

ஒரு சிறு செய்தி: பஸ்திசிக் கடையில் சில்லறையாகக் கிடைத்த ஐந்து சென்ட் நாணயத்தில் இம்னைத்ராவின் பலிமேடை பொறித்திருந்தது. அப்பா அதைச் செலவழிக்க விடவில்லை.

நிலாமுற்றம் – மார்ச் 27

படித்தபின் அந்தக் கூடாரத்தின் கீழே இன்னொரு முறை போக வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த முகப்புச் செதுக்கலை நான் கவனிக்கவே இல்லை. ஒரு கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. ஹைபோஜியத்தின் படிகளில் அவரால் இறங்க முடியுமா?

கடலோடி – மார்ச் 27

படிகளுக்குக் கைப்பிடி உண்டு. மெதுவாகத்தான் நடத்திச் செல்கிறார்கள். ஆனால் நடைமேடை குறுகலானது, சில இடங்களில் தலையைத் தாழ்த்த வேண்டும், முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக நிற்க வேண்டும், உட்கார இடமில்லை. அப்பா வெளியே வந்ததும் எதிர்ப்புறத்து வீட்டுத் திண்ணைப் படியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். இம்னைத்ராவின் சரிவுப் பாதை அதைவிடக் கடினம், குறிப்பாகத் திரும்பி ஏறும்போது. அம்மாவை அழைத்துச் செல்வதாக இருந்தால் தார்ஷினை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே சமதளமான நடைமேடை போட்டிருக்கிறார்கள், பேருந்து நிறுத்தமும் தொலைவில் இல்லை.